சீல் வைத்த பெட்டி

போன வருடம் ஆடி மாதம், கோவில்பட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டில் மின்மீட்டரை மாற்றினார்கள். பழைய மீட்டரின் டிஸ்ப்ளே செத்துப்போயிருந்தது. ரீடிங் எடுக்க வருகிறவர் இரண்டு முறை குறித்துக்கொண்டு போன பிறகு, ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் ஓர் இளைஞர் வந்தார். இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதிருக்கும். ஒப்பந்த வேலை. தோளில் ஸ்கூல் பை, அதற்குள் புது மீட்டர். சட்டைப் பையில் டெஸ்டர், கையில் கட்டிங் பிளேயர், காலில் ரப்பர் செருப்பு. கையுறை இல்லை. கூட ஆளும் இல்லை. "ஒரு சேர் கிடைக்குமா சார்?" என்று கேட்டார். அம்மா பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்து வந்து போட்டாள்.

நான் அந்த வாரம் வீட்டிலிருந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டேன்.

"ஒரு மணி நேரம் ஆகும் சார். கரண்ட ஆஃப் பண்ணனும்."

"பன்னெண்டரைக்கு எனக்கு ஒரு கால் இருக்கே தம்பி. அதுக்குள்ள முடிச்சிர முடியாதா?"

அவர் ஜன்னல் வழியாக ஹாலில் இருந்த கடிகாரத்தை எட்டிப் பார்த்தார். மணி பன்னிரண்டு ஐந்து. "பாக்குறேன் சார்" என்றார்.

பன்னிரண்டு இருபத்தேழுக்கு ஃபேன் சுற்றியது. ரவுட்டரில் பச்சை விளக்கு வந்தது. அவர் பெட்டியை மூடி, கம்பி கோத்து சீல் வைத்துவிட்டு, அம்மா கொடுத்த மோரை நின்றபடியே குடித்தார். இன்னும் ஏழு வீடு பாக்கி என்றார். "சூப்பர் தம்பி" என்று சொல்லிவிட்டு நான் மடிக்கணினியின் முன்னால் போய் உட்கார்ந்தேன்.

அந்த "சூப்பர் தம்பி"யைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

*

கார்த்திகை தீபம் முடிந்து இரண்டாம் நாள் சாயங்காலம், முன்னறை டியூப்லைட் மங்கியது. அதே நேரத்தில் அடுப்படி பல்பு பளீரென்று எரிந்தது. மாடியில் ஃபேன் ஹெலிகாப்டர் மாதிரி சுற்ற ஆரம்பித்தது. ஃபிரிட்ஜ் ஒரு மாதிரி உறுமியது. டிவியிலிருந்து கருகல் வாசம் வந்தது. அப்பா ஓடிப்போய் மெயினை இறக்கினார்.

நான் எலெக்ட்ரிகல் அண்ட் எலெக்ட்ரானிக்ஸ் படித்தவன். நான்கு வருடம். மூன்று ஃபேஸ் சர்க்யூட்டில் நியூட்ரல் அறுந்தால் என்ன ஆகும் என்று பரீட்சையில் படம் போட்டு, பதினாறு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். மூன்று ஃபேஸ்களும் ஒன்றுக்கொன்று 400 வோல்ட் விலகி நிற்பவை. அவற்றுக்கு நடுவில் நின்று ஒவ்வொன்றுக்கும் 230 என்று பங்கு பிரித்துக் கொடுக்கிற மத்தியஸ்தர்தான் நியூட்ரல். மத்தியஸ்தர் எழுந்து போய்விட்டால், சுமை அதிகம் உள்ள ஃபேஸில் வோல்டேஜ் தாழும், சுமை குறைந்த ஃபேஸில் ஏறும். மோசமான சூழ்நிலையில் 400ஐ நெருங்கும். என் வீட்டில் அது கண் முன்னால் நடந்துகொண்டிருந்தபோது, அந்தப் பதினாறு மதிப்பெண் பதில் எனக்கு ஞாபகம் வரவே இல்லை. அப்பா மெயினை இறக்கிய பிறகுதான் வந்தது.

தெருக்கோடியில் இருக்கும் வயர்மேன் அண்ணாச்சியைக் கூப்பிட்டோம். முப்பது வருடமாக இந்த வேலை. வந்தவர் கேட்ட முதல் கேள்வி: "இன்வெர்ட்டர் ஆஃப்ல இருக்கா தம்பி?" வெளியிலிருந்து வரும் மின்சாரத்தை நிறுத்திவிட்டால் வயர் செத்துவிட்டது என்றுதான் நாம் நினைக்கிறோம். வீட்டுக்குள் இருக்கும் இன்வெர்ட்டர் பின்பக்கமாக அந்த வயருக்கு உயிர் கொடுக்கலாம். இன்வெர்ட்டரை அணைத்தேன்.

பிறகு அவர் செய்ததுதான் எனக்குப் புதிது. பையிலிருந்து டெஸ்ட் லேம்ப்பை எடுத்தார். ஹோல்டரில் ஒரு பல்பு, இரண்டு வயர், அவ்வளவுதான். நேராகப் பக்கத்து வீட்டுக்குப் போய், அங்கே ஒரு பிளக்கில் சொருகி எரிகிறதா என்று பார்த்தார். எரிந்தது. திரும்பி வந்து, கை வைக்கப் போகிற எங்கள் மெயின் சுவிட்சின் வீட்டுப் பக்க வயர்களில் வைத்துப் பார்த்தார். எரியவில்லை. மறுபடியும் பக்கத்து வீட்டுக்குப் போய் எரியவைத்துப் பார்த்துவிட்டு வந்தார். அதற்கப்புறம்தான் கை வைத்தார்.

"எதுக்கு அண்ணாச்சி ரெண்டாவது தடவ?"

"எரியலைன்னா ரெண்டு அர்த்தம் இருக்கு தம்பி. வயர்ல உசுரு இல்லன்னு இருக்கலாம். பல்புல உசுரு இல்லன்னும் இருக்கலாம். ரெண்டும் பாக்க ஒரே மாதிரிதான் இருக்கும்."

மென்பொருள் வேலையில் பதினோரு வருடம் இருக்கிறேன். ஒரு சர்வரிலிருந்து பிழைச் செய்தி எதுவும் வரவில்லை என்றால், எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது என்றும் பொருள் கொள்ளலாம். செய்தி அனுப்பும் பகுதியே படுத்துவிட்டது என்றும் கொள்ளலாம். இதை உணர எனக்கு இரண்டு நள்ளிரவுகளும் ஒரு மேனேஜரின் வசவும் தேவைப்பட்டன. அண்ணாச்சிக்கு இது கையிலேயே இருந்தது. மௌனத்தை ஆதாரமாக எடுத்துக்கொள்ளும் முன், பேசவேண்டியவனுக்கு வாய் இருக்கிறதா என்று பார். தத்துவ வகுப்பில் இதற்கு நீளமான பெயர் இருக்கும். இங்கே அது பக்கத்து வீட்டுக்கு இரண்டு நடை.

தன் பக்கத்து வயரிங்கை முழுக்கப் பார்த்துவிட்டு, கோளாறு மீட்டர் பக்கத்து நியூட்ரலில் என்றார் அவர். "அத நான் தொறக்கக் கூடாது. சீல் இருக்கு. ஆபீஸ்ல சொல்லுங்க."

*

மறுநாள் காலை இருவர் வந்து சீலை உடைத்துத் திறந்தார்கள். நியூட்ரல் டெர்மினலைச் சுற்றி பிளாஸ்டிக் கருகி உருகியிருந்தது. ஒவ்வொரு டெர்மினலிலும் வயரைப் பிடிக்க இரண்டு திருகுகள். இதில் ஒன்று இறுகியிருந்தது. மற்றொன்று பேருக்குத் தொட்டுக்கொண்டிருந்தது.

ஒரு திருகு முழுதாக இறுகவில்லை என்றால் அன்றைக்கே ஒன்றும் ஆகாது. ஃபேன் சுற்றும், ரவுட்டர் எரியும், "சூப்பர் தம்பி" சொல்லலாம். சர்வீஸ் வயர் அலுமினியம். அலுமினியம் அழுத்தத்தில் மெல்ல மெல்ல நழுவிக்கொடுக்கும் உலோகம். காற்றுப் பட்டால் அதன் மேல் படியும் ஆக்சைடு மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது. பிடி தளர்ந்த இடத்தில் மின்தடை கூடும். மின்தடை கூடிய இடம் சுடும். சுட்டு ஆறி, சுட்டு ஆறி பிடி இன்னும் தளரும். வெறும் 0.1 ஓம் தடையின் வழியே 20 ஆம்பியர் போனால், அந்த ஒரு புள்ளியில் 40 வாட் வெப்பம். காலேஜ் லேபில் நாம் பிடித்திருந்த சால்டரிங் அயர்னை மீட்டர் பெட்டிக்குள் வைத்து மூடி சீல் வைத்தது போல. பெட்டி இருக்கிற சுவரின் உட்பக்கத்தை ஒட்டித்தான் அம்மாவின் கட்டில்.

அந்தத் திருகைச் சரியாக இறுக்க என்ன வேண்டும்? வயரின் மேலுறையைத் தேவையான அளவு மட்டும் சீவ வேண்டும். கூடினால் வெற்றுக் கம்பி வெளியே நிற்கும். குறைந்தால் திருகு பிளாஸ்டிக்கைக் கடிக்கும். ஆக்சைடைச் சுரண்டி எடுக்க வேண்டும். இறுக்கி, வயரை இழுத்து ஆட்டிப் பார்த்து, மறுபடி இறுக்க வேண்டும். ரொம்ப இறுக்கினால் இழை நசுங்கி அறும், மரை வழுக்கும். எந்த இடத்தில் நிறுத்துவது? அளந்து இறுக்கும் கருவிகள் உண்டு. எங்கள் தெருவுக்கு வருகிறவர்களிடம் நான் அதைப் பார்த்ததில்லை. இங்கே "போதும்" என்று சொல்வது மணிக்கட்டு.

மைக்கேல் போலன்யி என்ற சிந்தனையாளர் இந்த வகை அறிவைப் பற்றி 1950களிலும் 60களிலும் நிறைய எழுதினார். அவர் முதலில் வேதியியலாளர். ஆய்வகத்தில் கையால் வேலை பார்த்தவர். சைக்கிள் ஓட்டுகிறவருக்குத் தான் எப்படி விழாமல் இருக்கிறோம் என்று விளக்கத் தெரியாது, ஆனாலும் ஓட்டுவார். சொல்லில் முழுதாக எழுதி வைக்க முடியாத அறிவு அது. தெரிந்தவர் பக்கத்தில் நின்று, பார்த்து, தப்பாகச் செய்து, திருத்தப்பட்டுத்தான் கைக்கு வரும். அண்ணாச்சி ஆறு வருடம் ஒருவரிடம் ஹெல்பராக இருந்தவர். "மொத ரெண்டு வருசம் டார்ச் மட்டும்தான் பிடிச்சேன்" என்பார். டார்ச் பிடித்த அந்த இரண்டு வருடத்தில் அவர் கண் வேலை கற்றிருக்கிறது. எங்கள் வீட்டுக்கு மீட்டர் மாட்ட வந்த இளைஞருக்கு டார்ச் பிடிக்கவும் ஆள் இல்லை; அவர் யாருக்காவது டார்ச் பிடித்திருக்கிறாரா என்பதும் எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை.

இன்னொன்று. கரண்ட்டை விரலால் தொட்டுப் பார்க்கிறவர், ஃபியூஸைப் பிடுங்காமலே வேலையை முடிக்கிறவர் என்று நம் ஒவ்வொரு ஊரிலும் ஒரு வீரர் இருப்பார். அவரைப் பற்றி வியந்து பேசுவோம். பயம் போய்விட்டால் வேலை பழகிவிட்டது என்று நமக்கு ஓர் எண்ணம். மனிதரைக் காப்பாற்ற வீடுகளில் மாட்டும் ஆர்சிசிபி, 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே விழும்படி செய்யப்பட்டிருக்கிறது. பழைய 60 வாட் குண்டு பல்பு இழுப்பதில் அது ஏறக்குறைய ஒன்பதில் ஒரு பங்கு. ஒரு பல்பின் ஒன்பதில் ஒரு பங்குக்கு முன்னால் வீரத்துக்கு என்ன வேலை? முப்பது வருடம் கழித்தும் அண்ணாச்சி உயிருள்ள இடத்துக்குப் பக்கத்தில் போகும்போது இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்கிறார். ஒரு கையில் நுழைந்து நெஞ்சு வழியாக மறு கைக்குப் போகும் பாதையைத் தன் உடம்பில் திறந்து வைக்கக் கூடாது என்பதற்காக. அவருடைய திறமையும் அவருடைய பயமும் எனக்குத் தனித்தனியாகத் தெரியவில்லை.

*

பிளேட்டோவின் 'குடியரசு' நூலில் ஒரு மோதிரக் கதை வரும். கைகஸ் என்ற இடையனுக்கு ஒரு மோதிரம் கிடைக்கிறது. குமிழை உள்பக்கம் திருப்பினால் அவன் யார் கண்ணுக்கும் தெரியமாட்டான். அதை வைத்துக்கொண்டு அரசியைக் கவர்ந்து, அரசனைக் கொன்று, நாட்டைப் பிடிக்கிறான். கதையைச் சொல்கிற கிளாக்கன் கேட்பது இதுதான்: யாரும் பார்க்கமாட்டார்கள் என்றால் நல்லவன் என்று ஒருவன் இருப்பானா?

மீட்டர் பெட்டியின் சீல் எனக்கு அந்த மோதிரத்தை நினைவூட்டியது. சீல் வைத்த நொடியில் செய்தவரின் வேலை யார் கண்ணுக்கும் தெரியாமல் போகிறது. வீட்டுக்காரர் திறக்கக் கூடாது. வயர்மேன் திறக்கக் கூடாது. நான் அந்தப் பெட்டியைத் திறந்து பார்க்கும் ஒரே வழி, அது கருகுவதுதான்.

சீல் யாருக்காக என்று யோசித்துப் பாருங்கள். நான் யூனிட்டைத் திருடிவிடக் கூடாது என்பதற்காக. பல எலெக்ட்ரானிக் மீட்டர்கள், யாராவது நியூட்ரலில் கைவைத்தால் அதைக் குறித்துக்கொள்ளும் அளவுக்குப் புத்திசாலிகள். அதுவும் திருட்டைப் பிடிக்கத்தான். சரியான மீட்டர் வழியாக அல்லாமல் மின்சாரம் வழங்கக் கூடாது என்கிறது 2003ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம், பிரிவு 55. யூனிட்டின் கடைசி இலக்கம் வரை கணக்கு இருக்கிறது. திருகு எத்தனை சுற்று இறுகியது என்பதற்கு ஒரே கணக்கு, மாட்டியவரின் மனசாட்சி.

அப்படியானால் அந்த இளைஞர் பரீட்சையில் தோற்றுவிட்டாரா? பல நாள் இந்தக் கேள்வியை இப்படியேதான் வைத்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் ஒன்று உறைத்தது. கிளாக்கன் கதையில் மோதிரம் ஒன்றுதான். எங்கள் வீட்டில் நடந்ததில் பல இருந்தன. ஒரு மீட்டருக்கு இவ்வளவு என்று கூலி நிர்ணயித்தவர் யார் கண்ணிலும் படவில்லை. ஒரு நாளைக்கு இத்தனை வீடு என்று பட்டியல் போட்டவரும் படவில்லை. கூட ஆள் அனுப்பாமல் மிச்சம் பிடித்தவரும் படவில்லை. பெட்டியைத் திறந்தால் உள்ளே தெரிந்தது ஒரே ஒருவரின் கைவேலை. மற்றவர்கள் எல்லோரும் குமிழை உள்பக்கம் திருப்பியிருந்தார்கள்.

பன்னிரண்டரை மணி காலுக்காக ஒரு மணி நேர வேலையை இருபத்திரண்டு நிமிடமாகச் சுருக்கச் சொன்னவனும் அவர்களில் ஒருவன். அவர் ஒரு மணி நேரம் ஆகும் என்று சொன்னார். அது அவருடைய தொழில் மதிப்பீடு. எங்கள் அலுவலகத்தில் நான் ஐந்து நாள் ஆகும் என்று சொல்கிற வேலையை ஒருவர் இரண்டு நாளில் கேட்டால், அதைப் பற்றி நான்கு பத்தி மின்னஞ்சல் எழுதுவேன். பிளாஸ்டிக் நாற்காலியில் ஏறி நிற்பவர் "பாக்குறேன் சார்" என்றுதான் சொல்ல முடியும்.

*

விபத்துச் செய்திகளில் "கவனக்குறைவு" என்ற சொல் எப்போதும் தயாராக இருக்கும். செத்தவரின் கவனக்குறைவு, மாட்டியவரின் கவனக்குறைவு. கவனம் என்பது ஒருவர் வீட்டிலிருந்து டிபன் பாக்ஸோடு எடுத்து வரவேண்டிய பொருள் என்பது மாதிரி.

கவனத்தைப் பற்றி ஆழமாக யோசித்தவர்களில் ஒருவர் சிமோன் வெய். தத்துவ ஆசிரியையாக இருந்தவர், 1934 டிசம்பர் முதல் அடுத்த ஆண்டு ஆகஸ்ட் வரை பாரிஸில் இடையிடையே சில தொழிற்சாலைகளில் சாதாரணத் தொழிலாளியாக வேலை செய்தார். எத்தனை உருப்படி செய்தால் எவ்வளவு கூலி என்ற கணக்கில் வேலை. அவருடைய தொழிற்சாலை நாட்குறிப்பில் உருப்படிகளின் எண்ணிக்கையும், அதற்கான நேரமும், கிடைத்த காசும் பக்கம் பக்கமாக வருகின்றன. அங்கே அவர் கண்டுகொண்டவற்றில் ஒன்று, வேகமும் கட்டளையும் சேரும்போது யோசிப்பதே செலவாகிவிடுகிறது என்பது. நின்று யோசித்தால் உருப்படி குறையும், உருப்படி குறைந்தால் சாப்பாடு குறையும். கவனத்தை மனிதர் இன்னொருவருக்குக் கொடுக்கக்கூடிய உயர்ந்த பொருளாக மதித்தவர், அதை எப்படிப் பிடுங்குகிறார்கள் என்பதைத் தன் கைகளால் தெரிந்துகொண்டார்.

ஒரு வீட்டில் இது ஒரு கருகிய டெர்மினல். நாடு முழுக்க ஒரே நேரத்தில் அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஆஸ்திரேலியாவில் ஓர் உதாரணம் இருக்கிறது. 2009 பிப்ரவரியில் அந்த அரசு, பொருளாதார மந்தநிலையைச் சமாளிக்க, வீட்டுக் கூரைகளுக்கு வெப்பத்தடுப்பு போடும் திட்டத்தை அறிவித்தது. லட்சக்கணக்கான வீடுகள், சீக்கிரம் முடிக்கவேண்டும், நிறைய பேருக்கு வேலை கொடுக்கவேண்டும். பயிற்சி இல்லாதவர்கள் கூரைக்குள் ஏறினார்கள். உலோகப் படலத்தைப் பொருத்த அடித்த உலோக ஊசிகள் மின்வயரில் இறங்கின. மூன்று இளைஞர்கள் மின்சாரம் தாக்கி இறந்தார்கள். ஒருவர் கூரையின் வெப்பத்தில் இறந்தார். அவர்களில் ஒருவருக்கு வயது 16. ஓராண்டில் திட்டம் நிறுத்தப்பட்டது. பிறகு அரச விசாரணை ஆணையம் அமைத்து, 2014ல் அறிக்கை வெளியிட்டார்கள். ஆணையம் ஊசி அடித்த கையோடு நிற்கவில்லை. திட்டத்தை அந்த வேகத்தில் போட்டவர்கள் வரை போயிற்று, அப்போதைய பிரதமரையே அழைத்து விசாரித்தது.

இந்தியாவில் 2021ல் அறிவித்த மின்விநியோகச் சீரமைப்புத் திட்டத்தின் இலக்கு 25 கோடி ஸ்மார்ட் மீட்டர்கள். ஒரு மீட்டருக்குக் குறைந்தது நான்கு டெர்மினல், டெர்மினலுக்கு இரண்டு திருகு என்று வைத்தாலும் 200 கோடி திருகுகள். ஒவ்வொன்றையும் ஒரு மணிக்கட்டு இறுக்க வேண்டும். பெரும்பாலும் எங்கள் வீட்டுக்கு வந்தவரைப் போன்ற ஒருவரின் மணிக்கட்டு, ஏழு வீடு பாக்கி வைத்திருக்கும் மணிக்கட்டு. ஸ்மார்ட் மீட்டருக்கு மென்பொருள் எழுதும் என் நண்பர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய ஒவ்வொரு வரியையும் இன்னொருவர் படித்து ஒப்புதல் தந்த பிறகுதான் அது உள்ளே போகும். திருகுக்கு அந்த ஏற்பாடு வேண்டும் என்று கேட்பது ஆடம்பரமாகத் தெரிகிறது என்றால், ஏன் அப்படித் தெரிகிறது என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ளலாம்.

இதற்காக அந்த இளைஞருக்குப் பொறுப்பே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். அப்படிச் சொல்வது அவரை இன்னும் சிறுமைப்படுத்தும். சூழ்நிலை ஆட்டிவைத்த பொம்மை என்று ஆக்கிவிடும். அந்த இரண்டாவது திருகு அவருடையது. அதில் அவருக்கு ஒரு கடமை இருந்தது, எங்கள் அம்மா அந்தச் சுவரை ஒட்டித் தூங்குகிறாள் என்பது தெரியாவிட்டாலும். முகம் தெரியாத ஒருவர் நிம்மதியாகத் தூங்கவேண்டும் என்பதற்காக யாரும் பார்க்காத இடத்தில் இன்னொரு சுற்று இறுக்குவது, எனக்குத் தெரிந்து மனிதர் செய்யக்கூடிய நல்ல காரியங்களில் ஒன்று. அந்த நல்ல காரியத்தைச் செய்ய இரண்டு நிமிடம் வேண்டும். அந்த இரண்டு நிமிடம் அவரிடம் இருந்திருக்கும். நான் வாங்கிக்கொண்டேன்.

*

"அந்தப் பையன் மேல எழுதிக் குடு" என்றார் அப்பா. ஃபிரிட்ஜின் போர்டும் டிவியும் போன ஆத்திரம் அவருக்கு. புகார் எழுத உட்கார்ந்தேன். 'மீட்டர் பொருத்திய ஊழியரின் கவனக்குறைவால்' என்று தட்டச்சு செய்துவிட்டு, வெகு நேரம் அந்த வரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதை அழித்துவிட்டு நடந்ததை மட்டும் எழுதினேன். நியூட்ரல் டெர்மினலின் ஒரு திருகு இறுகவில்லை. ஊழியர் தனியாக வந்தார். கையுறை, ஏணி இல்லை. அன்றைக்கு அவருக்கு மேலும் ஏழு வீடுகள் இருந்தன. ஒரு மணி நேரம் ஆகும் என்று அவர் சொன்னார். வீட்டுக்காரராகிய நான் அரை மணிக்குள் முடிக்கச் சொன்னேன்.

அப்பா வாங்கிப் படித்தார். "கடைசி வரி எதுக்கு? நம்ம மேலயே தப்பு இருக்குன்னு எழுதிக் குடுப்பானா ஒருத்தன்?"

"இருக்குல்லப்பா" என்றேன். அவர் பதில் சொல்லாமல் தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

பத்து நாள் கழித்து அலுவலகத்திலிருந்து ஒரு பெண் அழைத்தார். "சார், உங்க கம்ப்ளெய்ன்ட் சம்பந்தமா. கரண்ட் இப்ப சரியா வருதா?"

"வருதுங்க. நான் அதுல வேற சில விசயமும் எழுதியிருந்தேன். தனியா அனுப்புறத பத்தி, ஒரு நாளைக்கு எத்தன வீடுன்னு..."

"அதுக்கு இதுல காலம் இல்ல சார். சரியாயிருச்சுன்னா க்ளோஸ் பண்ணிரலாமா?"

எனக்கு ஒரு மீட்டிங் இருந்தது. மணி மூன்று இருபத்தெட்டு. "கொஞ்சம் இருங்க மேடம்" என்று சொல்லிவிட்டு, மீட்டிங்குக்கு வர அரை மணி தாமதமாகும் என்று ஒரு செய்தி அனுப்பினேன். பிறகு, க்ளோஸ் பண்ணாமல் வைக்க யாரிடம் பேச வேண்டும் என்று கேட்டேன். அவர் ஒரு நம்பர் சொன்னார். எழுதிக்கொண்டேன்.